ஓக்பூன் அக்காவும் தூசி புகுந்த லென்ஸும்

ஓக்பூன் என் கூலியில் கை வைத்தவள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாராட்டு பிறகு.

தென்கொரியாவில், மாசான் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு ஜப்பான்காரனின் லென்ஸ் தொழிற்சாலை. நான், கேசுக், அங்கே கண்ணாடிக்கு மெருகு போடும் வரிசையில் நின்றேன். என்னைவிட இரண்டு வயது மூத்த ஓக்பூன் பரிசோதனை அறையில் இருந்தாள். கறுப்புத் துணிக்கு முன்னால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தூசியோ கீறலோ தெரிந்தால் ‘ரிஜெக்ட்’. ரிஜெக்ட் ஆனால் மெருகு போட்டவளின் கூலியில் வெட்டு. அவளை எங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. மீதிப் பேருக்குப் பயம்.

பிறகு சங்கம் கட்டினோம். துண்டுப் பிரசுரம் எழுதுவது என் வேலை. அச்சாகி வரும் முதல் தாளை ஓக்பூன் அக்காவிடம் கொடுக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை, அவளாகவே பிடுங்கிக்கொண்டாள். ஒரு வரி மங்கியிருந்தாலும் கிழித்துப் போடுவாள். “படிக்க முடியாததை எதுக்குடி ஒட்டுறீங்க? முதலாளிக்குக் கிழிக்கிற வேலை மிச்சம்!” எங்கள் பிரசுரத்தைத் தொழிலாளிகள் நின்று படித்தார்கள் என்றால், அதற்குக் காரணம் என் எழுத்து அல்ல, அவள் கண். ஜப்பான்காரன் தொழிற்சாலையைச் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடியபோது, மேலதிகாரிகளின் செல்லப்பிள்ளை என்று பேர் வாங்கிய அவள்தான் பரிசோதனை அறையிலிருந்து முதலில் வெளியே வந்து எங்களோடு போராட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்தாள். இதற்கெல்லாம் நான் நன்றி சொன்னதில்லை. எங்களுக்கு அப்போது கோஷம் போடத்தான் தெரியும்.

அதன் பிறகு அவள் மீன் சந்தையில் கருவாடு விற்றாள். மாமியார் படுக்கையில் விழுந்ததும் கடையை விட்டாள். போன இலையுதிர் காலத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். மல்லாக்கக் கிடந்தவரைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டே அக்காவின் மணிக்கட்டு இரண்டும் வீங்கிப்போயிருந்தன. வாழ்க்கையில் முதன்முறையாக அவளுக்கு ஒரு குளிர்காலம் சும்மா கிடைத்தது. மகன் தூக்கிப்போட இருந்த பழைய கேமராவை எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, குளிர்காலப் பறவைகள் வந்திறங்கும் ஜுனாம் நீர்த்தேக்கத்துக்குப் போக ஆரம்பித்தாள். துணைக்கு நானும் போனேன். எனக்குப் பறவைகளில் வாத்து மட்டும் தெரியும், அதுவும் தட்டில்.

அங்கே வயலில் இறங்கும் வெண்பிடரிப் பெருங்கொக்குகளில் ஒன்றுக்கு ஒரு பாதம் மடங்கியிருந்தது. நொண்டி நொண்டித்தான் மேயும். ஜோடிக் கொக்கு நாலு எட்டு முன்னே போகும், நின்று திரும்பிப் பார்க்கும், இது வந்து சேர்ந்ததும்தான் அடுத்த எட்டு வைக்கும். அக்கா அதைப் பார்த்த நாளிலிருந்து வேறு பறவையைப் பார்க்கவில்லை. அந்த இரண்டையும் முகம் தெரிய ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்றாள். பிப்ரவரி கடைசியில் எல்லாம் வடக்கே கிளம்பிவிடும். மடங்கின பாதத்தோடு அது அடுத்த வருடம் திரும்பி வருமா, யாருக்குத் தெரியும்.

ஆனால் அவள் கேமராவில் இருந்தது குட்டி லென்ஸ். கரையில் பீரங்கி மாதிரி லென்ஸ்களை வரிசையாக நட்டுவைத்து உட்கார்ந்திருக்கும் ஆண்களில் பாங் என்று ஒருவர், ஓய்வுபெற்ற பாய்லர்காரர். அவள் படத்தை எட்டிப் பார்த்தார்.

“அக்கா, கொக்கு எங்க?”

“இதோ இருக்கு பாரு தம்பி.”

“ஓ, இதுவா! நான் ஸ்கிரீன்ல ஒட்டியிருக்கிற சோத்துப் பருக்கைன்னு நினைச்சேன்.”

சிரித்துவிட்டு, காப்பி கலந்து கொடுத்தார். தன் லென்ஸையே தருவேன், ஆனால் அது அவள் கேமராவில் மாட்டாது என்றார். வேறு வேறு கம்பெனி. மடியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். நானூறு மில்லிமீட்டருக்குக் குறைந்து வாங்காதீர்கள். அறுநூறு இருந்தால் கொக்கு இன்னும் பெரிதாகத் தெரியும், ஆனால் உங்களைப் போல பஸ்ஸில் வந்து கரையெல்லாம் நடப்பவர் அதைத் தூக்கிப் பிடிப்பதற்குள் பறவை கொரியாவைத் தாண்டியிருக்கும். கை ஆட்டத்தை அடக்கும் வசதி கட்டாயம் வேண்டும். புதியது உங்கள் காசுக்கு வராது, பழையது பாருங்கள்.

அக்காவின் காசு எட்டு லட்சம் வொன். அதற்கு மேல் ஒரு வொன் இல்லை.

பூசானில் பழைய கேமராக் கடைகள் உள்ள சந்துக்குப் போனோம். கடைக்காரர் பெயர் யோம். அறுநூறை முதலில் கொடுத்தார். அக்கா கண்ணருகே தூக்கினாள், மணிக்கட்டு தாங்கவில்லை, மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டாள். அடுத்து ஒரு நானூறு. குழலை முன்னே இழுத்தால் தூரம், பின்னே தள்ளினால் கிட்டம். கைக்கு அடங்கியது. கை ஆட்டத்தை அடக்கும் வசதியும் இருந்தது. காசுக்கும் அடங்கியது. நான் பையைத் திறக்கச் சொன்னேன். அவள் பையைத் திறந்தாள்தான். உள்ளேயிருந்து டார்ச்சை எடுத்தாள்.

பின்பக்கம் வழியாக வெளிச்சம் அடித்து, சாய்த்து, திருப்பினாள். அந்தத் தோள் சாய்வை எனக்குத் தெரியும்.

“உள்ள தூசி இருக்கு. ரிஜெக்ட்.”

“அக்கா, அது பத்து வருஷம் உழைச்ச லென்ஸ், தூசி இருக்கத்தான் செய்யும்,” என்றார் யோம். “என்னையும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, அதைவிட அதிகமா இருக்கும்.”

“உங்களையா வாங்க வந்தேன்?”

வேறொன்று காட்டினார். ரிஜெக்ட். பக்கத்துக் கடை, எதிர்க் கடை, எல்லாம் ரிஜெக்ட். அடுத்த வாரம் யோம் கடைக்கே மறுபடி போனோம், டார்ச்சும் வந்தது. வயலில் கொக்குகள் குறைய ஆரம்பித்திருந்தன. எனக்குப் பொறுமை போயிற்று.

“நீ இங்க டார்ச் அடிச்சுக்கிட்டே நில்லு. கொக்கு வடக்க போயி குஞ்சு பொரிச்சு அதுக்குக் கல்யாணமும் முடிச்சிடும்.”

“அதுக்காக அழுக்கு வழியா அதைப் பார்க்கச் சொல்றியா?” என்றாள் அக்கா. “நல்லதா ஒண்ணே ஒண்ணு எடுக்கணும், கேசுக். அது திரும்ப வராட்டி?”

யோம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் காட்டிய அந்த நானூறை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “கொண்டுபோங்க. காசு இப்ப வேண்டாம். எடுத்த படத்துல அந்தத் தூசி தெரிஞ்சா திருப்பிக் கொடுங்க, நானே உங்களுக்குப் பன்றி சூப் வாங்கித் தர்றேன்.”

வியாபாரிகளைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். நல்லதாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் தவிர எதுவும் தெரியாத ஒருத்தியிடம் பொருளைக் கொடுத்தனுப்பிய அந்த மனிதருக்கு என் வணக்கம்.

மறுநாள் காலை கரையில் அக்கா கொக்கைத் தேடவே இல்லை. வெறும் வெள்ளை வானத்தைப் படம் எடுத்தாள். திரையில் பெரிதாக்கி, மூலை மூலையாக நகர்த்தித் தூசியைத் தேடினாள். இல்லை. மறுபடி எடுத்தாள், மறுபடி தேடினாள். இல்லை. பாங் எட்டிப் பார்த்து, உள்ளே கிடக்கும் பொடித்தூசி படத்தில் விழவே விழாது அக்கா, இது கரையில் எல்லோருக்கும் தெரியுமே என்றார்.

அக்கா கேமராவை இறக்கிவிட்டாள்.

“அப்ப தொழிற்சாலையில நான் ரிஜெக்ட் பண்ணினதெல்லாம்?”

“அது புதுசா விக்கிற சரக்கு. சுத்தமாத்தான் இருக்கணும்,” என்றேன்.

“உன் கூலியை வெட்டினாங்களே.”

“வெட்டினவன் மேல்மாடியில இருந்தான். நீ இருந்தது எங்க கூட. இதைப் போயி இப்ப பேசிக்கிட்டு.”

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை நீ கேட்டதில்லையே கேசுக்.”

“எதுக்குக் கேக்கணும்? அப்பவே உன் சோத்துத் தட்டுல உப்பைக் கொட்டிட்டேன்.”

“அடிப்பாவி, அது நீதானா! நான் கேன்டீன் சமையல்காரிகிட்ட போயி சண்டை போட்டேனே!”

“ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் போடுங்க!” பாங் கத்தினார். “கிளம்புது!”

வயலின் கோடியிலிருந்து கொக்குகள் கூப்பிட்டபடி எழுந்தன. நொண்டி கடைசியில் ஓடிவந்தது. மூன்று எட்டு தத்தி, நாலாவதில் காற்றில் ஏறிவிட்டது. ஜோடி அதற்காகவே தாழப் பறந்து காத்திருந்தது. அக்கா குழலை இழுத்தாள். நானூறு மில்லிமீட்டரும் நீண்டது. பெரிய லென்ஸ்காரர்கள் கேமரா முக்காலியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே அவள் கேமரா படபடவென்று அடித்தது. இரண்டும் எங்கள் தலைக்கு மேலே வந்து வடக்கே திரும்பின.

படத்தை எல்லோரும் சூழ்ந்து பார்த்தோம். இரண்டு முகமும் தெளிவு. கண்ணைச் சுற்றிய சிவப்புகூடத் தெரிந்தது. கால்கள் பின்னால் நீட்டி ஒன்றுபோல இருந்தன.

“இதுல நொண்டி எது?” என்று கேட்டேன்.

அக்கா பெரிதாக்கினாள். தலையைச் சாய்த்தாள். எதையும் தப்பவிடாத அந்தக் கண் நெடுநேரம் பார்த்தது.

“தெரியல,” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு கூட்டம் ஒரு கோடாகி மலைக்குப் பின்னால் மறையும்வரை நின்றாள். ஷிஃப்ட் முடிந்து வாசலில் பிரியும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் குனிந்து சொல்வதை அந்த வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“பாடுபட்டீங்க. ரொம்ப நன்றி.”

நானும் குனிந்தேன். கொக்குக்கு அல்ல, அவளுக்கு.