திருடன் குடித்த சின்னவள்

ஃபெலிஸ்மினாவைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், புருஷன் சாகக் கிடந்தபோது ஒயின் தாழியை வெடிக்கவிட்டவள் என்றுதான் முதலில் சொல்வார்கள். ஒயினும் சாப்பாடும் விற்கிற அவளுடைய கடையை ஒட்டித்தான் என் ரொட்டிக் கடை. இடையில் இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கினால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். அதனால் நடந்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவள் இந்த ஊர்க்காரி இல்லை. செர்ப்பா பக்கத்து ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். திராட்சை பறிக்கக் கூலிக்கு வந்தவள். எங்கள் விதிகெய்ரா பக்கத்தில் வெயில் மண்ணையே வறுத்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் காலை பத்து மணிக்கு மேல் கொடியில் கை வைக்க முடியாது. வந்த முதல் நாளே அந்தாவ் வாஸ், ரூபெய்ரு, பெர்ரும் என்று எல்லா வெள்ளைத் திராட்சையையும், போதாக்குறைக்கு நாலைந்து கருப்புக் குலைகளையும் ஒரே கூடையில் போட்டுவிட்டாள். மேஸ்திரி கத்தினான். தோட்டத்து முதலாளி மகன் குஸ்தோதியு வந்து கூடையை எட்டிப் பார்த்தான்.

"விடுங்க. எங்கப்பா தாழிக்கு இப்படித்தான் வேணும்" என்றானாம்.

"உங்க தாழிக்குன்னு நான் கலக்கல. எது எதுன்னு எனக்குத் தெரியல" என்றாளாம் இவள்.

அடுத்த வருஷம் கல்யாணம். பிள்ளை இல்லை. கடை உண்டு, கடைக்குப் பின்னால் ஒயின் கிடங்கில் ஆள் உயரத்துக்கு நாலு மண் தாழிகள் உண்டு. குஸ்தோதியு நாலுக்கும் பெயர் வைத்திருந்தான். பெரியவள், ஊமை, ஒருபக்கம் முதுகு புடைத்த கூனி, கடைசியாகச் சின்னவள். பெரியவளிலும் ஊமையிலும் வெள்ளை. கூனியில் சிவப்பு. சின்னவளில் மட்டும், மதிலோரத்துப் பழைய கொடிகளில் விளைந்ததையெல்லாம் வெள்ளை கருப்பு பாராமல் கலந்து போடுவார்கள். ரோஜாவுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் ஒரு நிறம் வரும். ஊரில் அதை மண்ணெண்ணெய் என்பார்கள். நக்கலாகச் சொன்னாலும் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். குஸ்தோதியுவும் அதைத்தான் குடிப்பான். கல்யாணக் கூடை என்று அவன் அதற்கு இன்னொரு பெயரும் வைத்திருந்தான். ஃபெலிஸ்மினாவுக்குக் கோபம் வரும்.

திராட்சையை மிதித்துத் தோலோடும் காம்போடும் தாழியில் போட்டால் இரண்டு நாளில் பொங்க ஆரம்பித்துவிடும். தோலெல்லாம் மேலே ஏறி அடைபோல இறுகும். காலையும் மாலையும் மரத்துடுப்பால் அதை உள்ளே அமுக்க வேண்டும். ஒரு வேளை மறந்தால்கூட உள்ளே காற்று முட்டித் தாழி வெடிக்கும். பொங்கி அடங்கியதும் தோல் தானாக அடியில் போய் உட்காரும். அதற்கப்புறம் தாழி தூங்குகிற பிள்ளை மாதிரி, தொந்தரவே கிடையாது. நவம்பர் பதினொன்றாம் தேதி, மார்த்தின் திருநாளன்று அடியில் குழாய் அடித்துத் திறப்போம். முதல் குவளை வீட்டுக்காரனுக்கு. பிறகு சுட்ட கஷ்கொட்டை, ஆலிவ், ஆண்கள் தோளோடு தோள் கோத்து நின்று இழுத்து இழுத்துப் பாடுகிற பாட்டு.

அந்த நாளுக்கு முன்னால் திறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிற்பாடு ஒயின் வாரியத்துக்காரர்கள் வந்து அதையே சட்டமாக்கினார்கள். முன்னாலேயே திறந்தால் பாட்டிலில் 'தாழி ஒயின்' என்று ஊர்ப் பெயரோடு போட முடியாது. குஸ்தோதியுவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க தாத்தா சொன்னதுக்கு முத்திரை குத்தியிருக்கான் பாரு" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டினான்.

எதிர்க்கடை ஜனுவாரியு மட்டும் அக்டோபரிலேயே திறந்துவிடுவான். பெயர் போடாமல் சும்மா ஒயின் என்று விற்பான். குஸ்தோதியு வாசலில் நின்றுகொண்டு தெரு கேட்கக் கேட்பான்:

"என்ன ஜனுவாரியு, இந்த வருஷமும் ஏழு மாசத்துக் குழந்தையா?"

"பொறந்தது உசுரோட இருக்குல்ல, போய்யா!" என்பான் அவன்.

இது வருஷா வருஷம் நடக்கும்.

அந்த வருஷம் வசந்தத்திலேயே குஸ்தோதியுவுக்கு வயிற்றுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கணையத்தில் புற்று என்றார்கள். அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார்கள். அறுவடையின்போது கிடங்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை ஏவினான். பொங்குகிற நாட்களில் ஃபெலிஸ்மினாதான் துடுப்புப் போட்டாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் மாவு பிசைகிறபோது துடுப்புச் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் பாதியில் அவன் படுக்கையோடு படுக்கையாகிவிட்டான். கட்டில் கிடங்குக்கு அடுத்த அறையில். கதவைத் திறந்து வைத்தால் தாழிகள் தெரியும். ஒரு நாள் மத்தியானம் நான் ரொட்டி கொண்டுபோனபோது ஃபெலிஸ்மினா கட்டிலோரம் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். பூண்டும் கொத்தமல்லியும் இடித்துப் போட்ட ரொட்டிக் கஞ்சி.

"ஏ மனுசா, ரெண்டு வாய் குடி."

"வேணாம். கூனி அடங்கிட்டாளா?"

"போன வாரமே அடங்கியாச்சு. நாலுலயும் தோல் கீழ போயிடுச்சு."

"அப்ப தெளிஞ்சிருக்கும்."

"தெளிஞ்சிருக்கும்."

அவன் கதவு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான். பசியோடு இருக்கிற பிள்ளை அடுத்தவன் தட்டைப் பார்க்கிற பார்வை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"மார்த்தினுக்கு இன்னும் எத்தனை நாள் இல்தா?" என்று என்னிடம் கேட்டான்.

"இந்தா வந்துடும்ண்ணா" என்றேன்.

ஃபெலிஸ்மினா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சின்னவள்ல ஒரு குவளை மொண்டு வரட்டா? யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் தலையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. குரல் மட்டும் வந்தது. "உனக்கென்ன பைத்தியமா? நான் என்ன ஜனுவாரியுவா? என் வீட்டுல தாழி திறந்தா மார்த்தின் அன்னைக்குத்தான். குடிக்க நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

வாசல்வரை என்னோடு வந்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அன்று காலைதான் வந்து போயிருந்தார். நவம்பர் ஆரம்பத்தைக்கூடத் தாண்டாது என்று சொல்லியிருந்தார்.

"இருக்கமாட்டான் இல்தா. அது அவனுக்கும் தெரியும். ஊரையெல்லாம் கிண்டல் பண்ணியே வாழ்ந்துட்டான், இப்ப அந்தக் கிண்டலே வாயைக் கட்டிப்போட்டுருக்கு. வேணும்னு கேக்கமாட்டான். குடுத்தாலும் துப்பிடுவான்."

கிடங்கின் தரை நடுவில் ஒரு குழி உண்டு. அதில் ஒரு பெரிய மண் சால் புதைந்திருக்கும். நாலாப்பக்கமும் தரை அதை நோக்கிச் சரிந்திருக்கும். எந்தத் தாழியாவது உடைந்தால் ஒயின் வீணாகாமல் அதில் போய்ச் சேரும். அந்தக் குழிக்கு எங்கள் ஊரில் திருடன் என்று பெயர். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர் ஆரம்பத்தில், இன்னும் பொங்கிக்கொண்டிருக்கும்போதே, இப்போது ஊமை நிற்கிற இடத்தில் இருந்த தாழி வெடித்தது. அன்று குஸ்தோதியு திருடனுக்குள் குவளையை விட்டு மொண்டு குடித்தான். நாங்களும் குடித்தோம். "மார்த்தினுக்கு முன்னாடி குடிக்கிறியே?" என்று ஜனுவாரியு மடக்கினான்.

"நான் எங்கடா திறந்தேன்? திருடன் கொண்டுபோனான், நான் திருடன்கிட்ட வாங்கிக் குடிக்கிறேன். அதுக்கும் மார்த்தினுக்கும் என்னடா சம்பந்தம்?" என்றான். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அதை ஃபெலிஸ்மினாவும் மறந்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், அடுப்பிலிருந்து ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். சுவர் அதிர்ந்தது. தொம்மென்று ஒரு சத்தம், பின்னாலேயே பெருமழையில் ஓடையில் தண்ணீர் பாய்கிற மாதிரி ஒரு இரைச்சல். ஓடினேன். சின்னவள் இடுப்பிலிருந்து கீழே பிளந்து கிடந்தாள். ரோஜா நிறத்தில் ஒயின் தோலையும் விதையையும் தள்ளிக்கொண்டு திருடனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஃபெலிஸ்மினா முழங்கால்வரை நனைந்து நின்றாள். கையில் தோட்டத்து மண்வெட்டி. என்னைப் பார்த்ததும் அதைக் கூனிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"ஃபெலிஸ்மினா! எது? எது போச்சு?" உள்ளேயிருந்து குஸ்தோதியு.

"சின்னவ."

அப்புறம் ஆரம்பித்தான். அந்த உடம்புக்குள் அத்தனை குரல் எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"துடுப்புப் போட்டியாடி நீ? ஒரு வேலை, ஒரே ஒரு வேலை குடுத்தேன்! எங்க அம்மா வாங்கின தாழிடி அது! ஆடு மேய்க்கிறவள நம்பிக் கிடங்கக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஜனுவாரியுவும் தன் கடை வாசலுக்கு வந்துவிட்டான்.

"மறந்துட்டேன் மனுசா" என்றாள் அவள். "துடுப்புப் போட மறந்துட்டேன்."

"மறந்துட்டாளாம்!"

மூச்சு வாங்கி நிறுத்தினான். பிறகு, வேறொரு குரலில், மெதுவாக:

"திருடன்ல எவ்வளவு இருக்கு?"

"பாதிக்கு மேல."

"நின்னு பாத்துட்டிருக்கியே. ஒரு குவளை கொண்டா."

அவள் மொண்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டி எடுத்துப்போனாள். தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினாள். நாக்கை நனைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். மூன்று மிடறு இறங்கியது. அந்த வாரம் முழுக்கத் தண்ணீரே சரியாக இறங்காத தொண்டை.

"பெர்ரும் திராட்சை நல்லா வந்துருக்கு" என்றான். "நாக்கு ஓரத்துல உப்பு தெரியுது பாரு. நீயும் குடி."

அவளும் குடித்தாள். எனக்கும் கொடுத்தார்கள். கலங்கல்தான், ஆனாலும் நல்ல ஒயின். மிச்சத்தை அவன் ஐந்தாறு நாள், நாளுக்கு ஒரு வாய், இரண்டு வாய் என்று குடித்தான். கடைசி இரண்டு நாள் உதட்டில் துணியால் ஒற்றி எடுத்ததோடு சரி. நவம்பர் இரண்டாம் தேதி சகல ஆத்துமாக்கள் திருநாள்; அதற்கு மறுநாள் போய்விட்டான்.

சாவுக்கு வந்த பெண்கள் சமையலறையில் அவள் காதுபடவே பேசினார்கள். "கடைசி காலத்துல அந்த மனுசன் மனசு எவ்வளவு நொந்துருக்கும்! ஒரு தாழியைப் பாத்துக்கத் தெரியல." ஃபெலிஸ்மினா காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். ஈரக் கையால் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

பிறகு ஒரு நாள் கேட்டேன். "உடைச்சிருக்கணுமா அக்கா? சும்மா மேலாக ஒரு குவளை மொண்டுட்டு, தாழி விரிசல் விட்டுடுச்சுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சத்தம் கேக்காம அந்த மனுசன் நம்புவானா?" என்றாள். அப்புறம் சொன்னாள்: "நம்பிட்டான் பாரு. அதான் உறுத்துது. நான் கையாலாகாதவள்னு நினைச்சுட்டே போயிட்டான்."

மார்த்தின் திருநாள் வந்தது. அவள் கடையைத் திறக்கமாட்டாள் என்று நினைத்தோம். திறந்தாள். கருப்பு உடுப்போடு மரச்சுத்தியை எடுத்து, பெரியவளுக்குத் தானே குழாய் அடித்தாள். பாட்டு இல்லை. ஆட்கள் வந்து குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு ஜனுவாரியு வந்தான். அந்த வீட்டுப் படியை அவன் மிதித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சின்னவள் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தரையில் வெளுத்த வட்டம் ஒன்று மட்டும் இருந்தது.

"தோல் அடியில உக்காந்தப்புறம் தாழி வெடிக்காது ஃபெலிஸ்மினா" என்றான்.

குவளைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"அக்டோபர் கடைசியில அதுக்குள்ள காத்து ஏது? அரைகுறையா ஒயின் போடுற எனக்கே இது தெரியும். அவனுக்குத் தெரியாதா?"

பெரியவளின் குழாயிலிருந்து ஒயின் சொட்டிக்கொண்டிருந்தது. நான் போய்த் திருகினேன்.

"அப்ப ஏன் அந்தத் திட்டு திட்டினான்?" என்றாள் ஃபெலிஸ்மினா. என்னைக் கேட்டாளா அவனைக் கேட்டாளா தெரியவில்லை.

"வேற என்ன பண்ணுவான்? வெடிச்சுதுன்னு நீ சொல்லிட்ட. வெடிச்ச தாழிக்குத் திட்டாம இருந்தா எப்படி? நல்லா பண்ணினடின்னு சொல்லிக் குடிக்கிற ஆளா அவன்?"

அவள் சமையலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜனுவாரியு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேஜையைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. ஒரு குவளையை நிரப்பி அவன் முன்னால் வைத்தாள்.

"எடு. இன்னைக்காவது முழு மாசத்துப் பிள்ளையைக் குடிச்சுப் பாரு."

அவள் வாயில் குஸ்தோதியுவின் குரலே வந்தது. ஜனுவாரியு சிரிக்க வாயைத் திறந்தான், சிரிப்புக்குப் பதில் வேறு ஏதோ வந்தது. குவளையை வாயில் வைத்து அதை மறைத்துக்கொண்டான்.

இது நடந்து இரண்டு வருஷம். மதிலோரத்துக் கொடியில் விளைவதை இப்போது கூனியில் போட்டுவிடுகிறாள். மண்ணெண்ணெய் கேட்டு வருகிறவர்களிடம் இல்லை என்கிறாள். தாழியை வெடிக்கவிட்டவள் என்று தெரு இன்னும் சொல்கிறது. அவள் மறுத்ததில்லை. அவன் தெரு கேட்கச் சொல்லிவிட்டுப் போனதை மாற்றிச் சொல்ல அவளுக்கு மனசில்லை.

கூட்டம் அதிகமான நாளில் யாராவது அந்த வெளுத்த வட்டத்தில் நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். அப்போது மட்டும் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"அங்க உக்காராதீங்க. தரை ஈரமா இருக்கு."

தரை காய்ந்துதான் இருக்கும். நாங்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வோம்.