நாலு குறையுள்ள மாடு

அக்கா தன் வீட்டுப் பொருள் எதையும் புகழமாட்டார். புகழ்ந்தால் கண்ணூறு பட்டுவிடும். எண்பதுகளின் கடைசியில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து, செவன் கிங்ஸில் அவருடைய வீட்டில் நான் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பழைய வாஷிங் மெஷினை விற்றதும் அந்த முறையில்தான்.

வாங்க வந்தவர் எதிர்வீட்டு யூதர். கறுப்புத் தொப்பி, தாடி, எண்ணி முடியாத பிள்ளைகள்.

"கதவு இறுகும், சத்தம் போடும், உடுப்பைக் கிழிக்கும், தண்ணி ஒழுகும் எண்டு சொல்லு" என்றார் அக்கா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கதவைத் திறந்து மூடினார். லேசாகப் போய்வந்தது. தண்ணி விடாமலே கொஞ்சம் சுற்றவிட்டார். சத்தமில்லை. சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

மறுநாளே நனைந்த சப்பாத்தோடு வந்து நின்றார்.

"சொல்லித்தானே வித்தனாங்கள்!" என்று அக்கா பாய்ந்தார்.

வந்தவர் கோபப்படவில்லை. தங்கள் பழைய சட்டத்தில் ஒரு மாடு இருப்பதாகச் சொன்னார். அது குருடு, நொண்டி, கடிக்கும், படுத்துவிடும் என்று சொல்லி ஒருவன் விற்கிறான். வாங்குபவன் பார்க்கிறான், குருடுமில்லை, நொண்டியுமில்லை. மற்றதும் சும்மா பேச்சு என்று நம்பிக் கொண்டுபோகிறான். மாடு கடிக்கிறது. அந்த விற்பனை செல்லாது. இல்லாத குறைகளுக்குள் இருக்கிற குறையைப் போட்டால், அது சொன்னதாகாது.

விலையில் கொஞ்சம் குறைக்கலாமா என்று அக்கா கேட்டார். அதற்கும் இடமில்லையாம். ஒன்றில் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது திருப்ப வேண்டும். குறை தெரிந்த பிறகும் பாவித்தால் திருப்ப முடியாது. அதனால்தான் வீட்டில் அழுக்குடுப்பு மலையாகக் கிடக்க, ஓடிவந்தாராம்.

"மாட்டுக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்?" என்று புறுபுறுத்தபடி அக்கா அதைத் திரும்ப எடுத்தார்.

அதற்கு முந்தின வாரம்தான் அக்கா என்னையும் ஒரு பெண்ணுக்குப் பேசி முடித்திருந்தார். "தம்பி கோபக்காரன், சரியான சோம்பேறி, சுடுதண்ணியும் வைக்கத் தெரியாது, இடது காதும் கேளாது" என்று பெண்ணின் தகப்பனிடம் சொன்னார். அந்த வீட்டில் சமைத்ததே நான்தான். இரண்டு ஷிப்ட் வேலை செய்தேன். கோபப்பட நேரம் கிடைக்கவில்லை. தகப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல பகிடிதான் பிள்ளை!" ஆனால் காதை ஊரில் ஒரு ஷெல் வெடித்துக் கொண்டுபோனது உண்மை.

காதைப் பற்றித் திரும்ப ஒருமுறை சொல்லுவோம் என்று நான் கேட்டபோது, "அதுதான் சொல்லிப்போட்டமே, பேந்தென்ன?" என்றார் அக்கா.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. இழக்கப் பயமாகவும் இருந்தது. அடுத்த வெள்ளி விம்பிள்டன் கோவில் வாசலில், இரு வீட்டாரும் சப்பாத்துத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், அவளிடம் மாட்டிலிருந்து தொடங்கினேன். பெண்ணிடம் முதன்முதல் பேசும் பேச்சு மாட்டைப் பற்றியதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"நாலில மூண்டு பொய். காது மட்டும் உண்மை. பேந்து திருப்பி அனுப்பப்படாது, அதுதான் சொல்லுறன்."

அவள் என் இடப்பக்கம் நின்றாள்; பதில் ஒன்றும் காதில் விழவில்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு அவள் என்னைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள்.

"ரண்டு தரம் கேட்டனான். தெரிஞ்சு எடுத்தால் திருப்பேலாதோ?"

"ஏலாது" என்றேன்.

"அப்ப சரி" என்றுவிட்டு, வலப்பக்கத்திலேயே நின்றாள்.