பெட்டியைப் பிரித்துக் கொடுத்த கடை

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று எங்கள் குடும்பத்துக்கு மூன்று எலக்ட்ரிக்கல் கடைகள் இருந்தன. தொடங்கியவர் அண்ணன். சிதம்பரம் கடையை நான் பார்த்துக்கொண்டேன். மூன்றிலும் ஒரே வழக்கம். பல்போ ஃபேனோ, பெட்டியைப் பிரித்து, வாங்குகிறவர் கண்முன்னே ஓடவிட்டுக் காட்டிய பிறகுதான் கொடுப்போம். அதற்காகவே குமராட்சி கிராமத்திலிருந்துகூட ஆட்கள் மினிபஸ் ஏறி வந்தார்கள்.

பிறகு சீல் வைத்த பெட்டிகளும் பெரிய ஷோரூம்களும் வந்தன. ஒருவர் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்த பெட்டியை அடுத்தவர் தொடமாட்டார். "இன்னா மாமா, யாரோ வாங்கித் திருப்பிக் குடுத்ததா?" என்பார்கள். கம்பெனியும் அவற்றைத் திரும்ப எடுக்காது. பிரித்த பெட்டிகள் அலமாரி முழுக்க நிறைந்தன.

மகள் பி.இ. முடித்து இரண்டு வருடமாக என்னோடு கடையில் இருந்தாள். அந்தக் கடையை நடத்த வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. பண்ருட்டிக் கடையை மூடிய வாரம், அண்ணனிடம் நேராகவே கேட்டாள்.

"பெரியப்பா, சாம்பிளுக்கு ஒண்ணு மட்டும் போட்டுக் காட்டலாம். மத்ததப் பிரிக்க வேணாம். சிதம்பரத்த ஆறு மாசம் எங்கிட்ட விட்டுப் பாருங்க."

"எரியுதான்னு பாக்காம குடுக்க நாம என்னா கொரியர் ஆபீஸா? காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சிரித்த அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா சொல்ற?"

மகளும் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் எதிரில் நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை.

"பெரியப்பா சொல்றபடியே இருக்கட்டும்மா" என்றேன்.

அந்த மழைக்காலத்தில் கடலூர் கடை போனது. தை பிறந்ததும் சிதம்பரம். கடைசியாக ஷட்டரை இறக்கிய அன்று அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் புள்ளகிட்ட விட்டிருப்பேன்டா."

போன மாதம் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "விடுங்கப்பா. நீங்க சொல்லியிருந்தாலும் பெரியப்பா கேட்டிருக்க மாட்டாரு."

ஷட்டரை இறக்கிய அன்று அண்ணன் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் இருக்கிறதா, சார்ஜர் எடுத்தாயா, இறங்கியதும் போன் பண்ணுவாயா என்றே பஸ் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.