ரெம்பாவ் தாண்டியதும் மாறிய எண்

இன்று என் எழுபதாவது பிறந்தநாள். வானொலி வாழ்த்து நேரத்தில் என் பெயரை வாசிப்பார்கள் என்று காரில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரெம்பாவ் ஊரைத் தாண்டியதும் ரேடியோவில் ஒரே இரைச்சல்.

"போச்சு மாமா, லைன் இல்ல," என்றார் மருமகன்.

"நிலையம் ஒன்னுதான்லா மாப்ள. மலைக்கு மலை எஃப்எம் நம்பர்தான் வேற. மாத்துங்க."

மாற்றினார். என் பெயர் கணீரென்று வந்தது, வயதோடு.

"வெள்ளைக்காரன் எமர்ஜென்சி காலத்துல, கம்யூனிஸ்டுக்குப் பயந்து தோட்டத்தைச் சுத்தி முள்வேலி போட்டப்ப, எஸ்டேட் ரேடியோவுக்கு மரமேறி கம்பி கட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்ப உங்களுக்கு நாலு வயசுதானே மாமா?"

ஆமாம். நாலு வயதில் மரமேறி, முள்வேலிக்குள் இருந்த லிங்கித் தோட்டத்துக்கே செய்தி கேட்க வைத்தவர் வேறு யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.