கய்யூம் காக்காவும் எல்லைத் தடியும்

மலாயாவில் தம்பின் ஊர் எல்லையில், சாலைக்குக் குறுக்கே போட்ட தடி முன் கார் நிற்கிறது. காவலர் வாய் திறக்குமுன் அப்துல் கய்யூம் இறங்கி, சொங்கோக் தொப்பியைக் கழற்றி, உட்புறம் தெரிய நீட்டுகிறார். "மொதல்ல என்னயப் பாருங்க. ஊர அப்புறம் பாக்கலாம்." காவலர் சிரித்தபடி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தடியை உயர்த்துவார்.

ஊரே அண்ணன் என்ற பொருளில் காக்கா என்றழைக்கும் இவருக்கு மலாக்காவின் ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை, காஜா பேராங்கில் வீடு. மலாக்கா பாதுகாப்புக் குழுவில் நியமன உறுப்பினர். தடிக்கு இந்தப் பக்கம் மலாக்கா, அந்தப் பக்கம் நெகிரி செம்பிலான். அங்கே வேறு ராஜா, வேறு வரி. இரு பக்கத்து அதிகாரிகளும் முறைத்துக்கொண்டால் கூப்பிடுவது இவரைத்தான். பேச உட்காரும்போது நாற்காலியைக் குறுக்கே திருப்பிக்கொள்வார். "எந்தப் பக்கத்துக்கும் முதுகு காட்டப்படாது." அன்று மாலை கழுத்து பிடித்துக்கொள்ளும். மனைவி ரோஷன் பீவி தைலம் தேய்த்துக்கொண்டே திட்டுவார்.

ஐரோப்பாவில் சண்டை மூண்டதும், எல்லை தாண்டும் எதையும் திறந்து பார்க்கவேண்டும் என்று குழுவில் முன்மொழிந்தவர் இவரே. போன மாதம் அது பக்கத்து வீட்டுக்கே வந்து விடிந்தது. பல தலைமுறையாக மலாயே பேசிவரும் மலாக்காச் செட்டியான பிச்சையின் மகனுக்குத் தம்பினுக்கு அப்பால் பெண். துணி போர்த்திய சீர்த்தட்டுகளைப் பெண்ணின் தாய்தான் முதலில் திறக்கவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். வேறு கை பட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். காவலரோ திறக்காமல் விடமாட்டார்.

பிச்சைக்குத் தமிழ் வராது. "தோலோங்லா, அபாங்", உதவி செய்யுங்கள் அண்ணே என்று மலாயில் கெஞ்சினார். காக்கா ஒரு வார்த்தை சொன்னால் தடி உயர்ந்துவிடும். அவர் சொல்லவில்லை. கடையில் அவரிடம் வேலை பார்க்கும் எனக்கே கோபம் வந்தது.

"நான் போட்ட சட்டத்துல நானே ஓட்டை போட்டா எவன் மதிப்பான்?" என்றவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு முகம் மலர்ந்தது. "தட்டு அம்மாகிட்ட போக முடியலன்னா, அம்மா தட்டுகிட்ட வரட்டுமே."

கல்யாணத்தன்று தானே காரை எடுத்துப் போய், பெண்ணின் தாய் தெய்வானையை எல்லைக்கு அழைத்து வந்தார். சம்பந்தியைச் சாலையில் வைத்து வரவேற்பதா என்று அந்த அம்மாள் வழியெல்லாம் முனகினாராம். ஆனால் தட்டுகளைக் கண்டதும் முனகல் நின்றது. தடியருகே நின்று ஒவ்வொரு துணியாக விலக்கினார். அவர் பார்த்த பிறகு காவலர் பார்த்தார். பட்டு, வெற்றிலை, பலகாரம். பிச்சை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

விருந்து முடிந்து திரும்பினோம். காரைக் கண்டதுமே காவலர் தடியை உயர்த்தி, போகலாம் என்று கையசைத்தார். காக்கா இறங்கினார். தடியைத் தன் கையாலேயே கீழே இறக்கினார். பிறகு தொப்பியைக் கழற்றி, தெய்வானை கொடுத்தனுப்பிய டோடோல் இனிப்பை அதற்குள் வைத்து, சுற்றியிருந்த வாழையிலையைப் பிரித்து நீட்டினார்.