ஐந்தாவது நடுவர் சாப்பிட்ட சோறு

படம் எடுக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், அன்றோடு நான் ஊமை. அப்படி ஒன்று இன்னும் வராததால் பேசிக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டு வருடமாக என் வாயில் அகப்பட்டு அரைபட்டது ஒரு தொலைக்காட்சிப் போட்டி. இயக்குநராக ஆசைப்படுகிறவர்கள் வாரம் ஒரு குறும்படம் எடுத்து வருவார்கள். நான்கு நடுவர்கள் பார்த்து மார்க் போடுவார்கள். சென்னையில் நடப்பதால் மொன்றியலில் எங்களுக்குச் சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடும். திங்கட்கிழமை காலை, எங்கள் புறநகரான டொலார்டில் இருந்து வேலைக்குப் புறப்படும் என் காரில் ஐந்தாவது நடுவரின் தீர்ப்பு வெளியாகும். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தது பின்சீட்டில் வருகிற தம்பி. அவனும் முன்சீட்டு நண்பனும் நானும் ஒரே ஜன்னல் தொழிற்சாலையில் வேலை.

"அண்ணை, இந்தக் கிழமை ஆருக்கு வெட்டு?" என்று தொடக்கி வைப்பான். நாற்பதாம் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து முடிவதற்குள் நான் நாலைந்து இயக்குநர்களை ஊருக்கு அனுப்பியிருப்பேன்.

என் தீராத கோபம் சாப்பாட்டுக் காட்சிகளில். சோற்றைப் பிசைவார்கள், இரண்டு வசனம் பேசுவார்கள், கையை உதறிவிட்டு எழும்பிவிடுவார்கள். ஒருவனாவது ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்ததை நான் கண்டதில்லை. பசி தெரியாதவங்கள் எடுக்கிற படம் என்று காரிலும் திட்டுவேன், வீட்டிலும் திட்டுவேன்.

வீட்டில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி. அவள் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறாள். வருட முடிவில் பிள்ளைகள் ஓடுவதையும் விழுவதையும் அழுவதையும் ஃபோனில் எடுத்து, வெட்டி ஒட்டி, பெற்றோருக்குப் போட்டுக் காட்டுவாள். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெர்சி மெர்சி என்பார்கள். அதையெல்லாம் ஒரு படம் என்று நான் மதித்ததே இல்லை.

பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அவள் ஃபோனை நீட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோ. நாளைக்கு அனுப்போணும்."

"எங்கை?"

"போட்டிக்கு."

அந்த வருடம் வெளிநாட்டுத் தமிழரையும் போட்டியில் சேர்த்திருந்தார்கள். மூன்று பேரைத் தெரிந்தெடுத்து, ஒரே அறைக்குள், ஐந்து நிமிடத்தில், வெட்டே இல்லாமல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பார்வையாளர்களின் வாக்கை வைத்து ஒருவரை இறுதிச் சுற்றுக்குச் சென்னைக்குக் கூப்பிடுவார்களாம். அந்த மூன்று பேரில் ஒருத்தி என் வீட்டுக்குள் நிற்கிறாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீர்!"

"சொன்னனான். போன மாசம். நீங்கள் ரீவியைப் பாத்துக்கொண்டு, 'ஓம் ஓம், போடும்' எண்டனீங்கள்."

படத்தைப் பார்த்தேன். எங்கள் குசினி, எங்கள் சாப்பாட்டு மேசை. முதலில் அவளுடைய குரல்: "இஞ்சேருங்கோ, ஃபோனை இதிலை வைச்சுப் படம் எடுக்கட்டே? போட்டிக்கு." தொலைக்காட்சிப் பக்கம் இருந்து ஒரு ஆண்குரல்: "ஓம் ஓம், வையும்." பிறகு ஒரு மனிதர் வந்து மேசையில் அமர்கிறார். அவள் சோறும் கறிகளும் போட்டுவிட்டு எதிரே இருக்கிறாள். அவர் சாப்பிட்டபடியே அந்த வாரத்துப் படம் ஒன்றைக் கிழிகிழியென்று கிழிக்கிறார். அவள் கன்னத்தில் கையை வைத்து அவரையே பார்க்கிறாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்கிறார். "திரைக்கதை எண்டா என்னெண்டே இவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழும்புகிறார். வெறும் தட்டும் அவள் முகமும் மட்டும் மிஞ்சுகின்றன. அவ்வளவுதான்.

ஐந்து நிமிடத்தில் அந்த மனிதர் ஒரு தடவைகூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை இல்லை.

"உலகத்துக்கே என்னைச் சிரிப்புக் காட்டப் போறீரோ?"

"நீங்கள் வேண்டாமெண்டா அனுப்பேல்லை" என்றாள். "ஆனா என்னட்டை இருக்கிறது இந்தப் படம் ஒண்டுதான். எல்லாற்றை படத்துக்கும் சொல்லுறனீங்கள். இதுக்கும் சொல்லுங்கோ."

அவளுக்குச் சென்னைக்குப் போக ஆசை. வாயால் சொல்லவில்லை, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதில் தெரிந்தது. நான் வேண்டாம் என்றால் அந்த ஆசை அங்கேயே முடிந்தது.

இரண்டாம் தரம் பார்த்தேன். கோபம் அடங்கவில்லை. ஆனால் இரண்டு வருடமாகப் பார்த்த எந்தப் படத்திலும் இப்படி ஒன்று இல்லை என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற எதிலும் பொய் சொல்வேன், படத்தில் சொல்ல வராது.

"கடைசியிலை அந்த வெறும் சாப்பாட்டுக் கோப்பை இன்னும் ரெண்டு செக்கன் நிண்டிருக்கலாம்" என்றேன்.

"அஞ்சு நிமிசம் முடிஞ்சுது."

"அப்ப சரி. அனுப்பும்."

மறுவாரச் சனிக்கிழமை படம் வந்தது. நடுவர்கள் சிரித்தார்கள், பிறகு அமைதியானார்கள். எனக்கு அவர்கள் முக்கியமாகப் படவில்லை. இணையத்தில் படத்துக்குக் கீழே பார்வையாளர்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். இத்தனை நாளும் நான் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இப்போது அந்தக் கூட்டத்தின் கையில் நான்.

"யாருங்க இந்த அங்கிள்? செம நடிப்பு!"

"இலங்கைத் தமிழ் பாதி புரியல. ஆனா இவர் எங்கப்பாதான்னு புரிஞ்சிடுச்சு."

"ஒரு படத்துல ஒருத்தர் முழுசா சாப்பிட்டு முடிச்சதை இப்பதான் பாக்குறேன்."

இதை எழுதிய புண்ணியவானைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல் இருந்தது. இன்னொருவர், "அந்தம்மா ஏன் அப்படிப் பாத்துட்டே இருக்காங்க? அவர் ஏதோ கேக்கப் போறார்னு காத்திருக்கற மாதிரி" என்று எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டுக் கடந்துபோனேன்.

"இது படமா, சிசிடிவியா?" என்று எழுதியவனை மட்டும் கடக்க முடியவில்லை. நான் எத்தனையோ பேருக்குச் சொன்ன சொல்தான். இருந்தும் என் பெண்சாதியின் படத்துக்குச் சொன்னபோது பொத்துக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாடு ஆறும்வரை அவனோடு மல்லுக்கட்டினேன். ஒரு படத்துக்காக நான் வாதாடியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காரில் பின்சீட்டுத் தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது.

"உங்களுக்கு இவ்வளவு நடிப்பு வருமெண்டு தெரியாமல் போச்சே அண்ணை."

"நான் நடிக்கேல்லையடா."

"அதைத்தான் அண்ணை சொல்லுறன்."

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில், முன்பின் தெரியாத ஒருவர் தன் மனைவிக்கு என்னைக் காட்டி, "இவர்தான் அந்த டிரெக்டற்றை மனுசன்" என்றார். இருபத்தைந்து வருடமாக அவளைத்தான் இன்னாருடைய மனைவி என்று சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தது. பிரசாதத்துக்கு வரிசையில் நின்றபோது வேண்டுமென்றே நாலு பேர் பார்க்கிற இடமாகத் திரும்பி நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை முடிவு சொன்னார்கள். சென்னைக்கு அவள்தான்.

நான் சோபாவை விட்டுத் துள்ளிவிட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். பிறகு லீவு கேட்டு கார்டெரி முதலாளிக்கு ஃபோன் எடுத்து, பிரெஞ்சில் "சினிமா, வுய், சினிமா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பெருந்தன்மை பெருக்கெடுத்தது. படத்துக்குக் கீழே நானும் எழுதினேன்: "இந்தப் படத்தில் இருப்பவன் நான்தான். நடிக்கவில்லை. இயக்குநர் என் மனைவி. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்று எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். சாப்பாடு அருமை."

பார்வையாளர்கள் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டேன். அதே சோபாவின் மறுமுனையில் இருந்து இயக்குநரின் பதில் வந்தது.

"நன்றி. அண்டைக்கு ஒரு கறிக்கும் உப்புப் போடேல்லை."

திரும்பிப் பார்த்தேன். அவள் ஃபோனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உண்மையாவோ?"

"ஓம்."

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"முதல் வாயிலேயே உப்பில்லை எண்டுவீங்கள். நான் எழும்பிப்போய் உப்பு எடுத்துக்கொண்டு வருவன். பேந்து ரெண்டுபேரும் கதைப்பம். அதுதான் நான் யோசிச்ச படம்." ஃபோனை மடியில் வைத்தாள். "நீங்கள் கேக்கேல்லை. கடைசி வாய் வரைக்கும் கேப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கேட்கப் போகிறார் என்று காத்திருக்கிற மாதிரி என்று யாரோ எழுதியது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகமறியாத ஒருவருக்குத் தெரிந்தது, எதிரே இருந்து சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் மீறிப் பெருமை வந்தது. தான் நினைத்த படம் கைநழுவிப் போவதைக் கண்ணெதிரே பார்த்தபடி, அசையாமல் இருந்து, கிடைத்த படத்தைப் பிடித்திருக்கிறாள். உப்பு விஷயத்தை நான்கு நடுவர்களில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஐந்தாவது நடுவரோ அதைத் தின்றே முடித்துவிட்டார்.

அன்று மாலை அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வந்து இருந்தேன். முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, "உப்பு அளவாய் இருக்கு. புளிதான் ஒரு சொட்டுக் கூட" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கமரா இல்லை" என்றாள். "சாப்பிடுங்கோ."