பீடம் இருந்த இடத்தில் பார்

பிள்ளைகள் எங்கள் கலியாண நாளுக்குப் பழைய துறவிமடம் ஒன்றில் அறை எடுத்துத் தந்தார்கள். இப்போது அது ஹோட்டல்.

சாப்பாட்டு மண்டபம் முன்பு தேவாலயமாம். என் மனுசி செருப்பைக் கழற்றி, பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய சீலைத் தலைப்பால் முக்காடிட்டு, முழந்தாளிட்டாள். மன்னாரில் அவளின் தங்கச்சிக்கு இன்று இருதய ஒப்பரேசன்.

“இஞ்சாரும், எழும்பும். பீடம் இருந்த இடத்திலை இப்ப பார் நடக்குது.”

“போத்தில் அடுக்கினா கடவுள் எழும்பிப் போயிடுவாரோ? சும்மா இருங்கோ.”

நான் அவளைத் தெரியாதவன்போல மெனுவைப் படித்தேன்.

அப்போதுதான் போன் வந்தது. தங்கச்சி போய்விட்டாள்.

மனுசி அழவில்லை. வெயிட்டரிடம் ஒரு மெழுகுதிரி கேட்டாள். பிள்ளைகள் முன்பே சொல்லிவைத்திருந்ததால், அவன் ரோசாப்பூவோடு கொண்டுவந்து ஏற்றி, “கலியாண நாள் வாழ்த்துகள்” என்றான்.

நான் “மெர்சி” என்று நன்றி சொன்னேன்.

மனுசி இன்னும் என்னோடு கதைக்கவில்லை. வேறு என்னத்தைச் சொல்லியிருக்கலாம், சொல்லுங்கோ.